பார்வை நரம்பின் அழற்சி

கண்ணே காண்கின்றதென்று உலகத்தார் கூறுவர். அஃது ஒருவாற்றான் உண்மையேயாயினும் முழுதும் உண்மையன்று. ஒளியைக் கொள்வது கண். கொண்ட ஒளியை உருவமென்றும் நிறமென்றும் அறிவது மூளை. இவ்விரண்டிற்கும் இடைநின்று தூது செல்வதோ பார்வை நரம்பு. ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் நீளமும், வைக்கோற்றாள் ஒன்றன் பருமனுமே உடைய அந்நரம்பினுள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட நுண்ணிழைகள் அடங்கியுள்ளன. மின்சாரக் கம்பியின்மேல் இறப்பர் உறை இருத்தல்போல, அவ்விழைகளின்மீது கொழுப்பினாலாய ஓர் உறை உண்டு. அவ்வுறை செவ்வனே இருக்குங்காறும் செய்தி விரைந்து செல்லும். அது வீங்கியும் தேய்ந்தும் கெடுமாயின், கண்மணி பளிங்குபோற் றெளிவாயிருப்பினும் காண்பான் காணமாட்டான். இவ்வாறு அந்நரம்பு வீங்கி நோவுறுதலையே பார்வை நரம்பின் அழற்சி என்கின்றோம்.

பெயரைப்பற்றி ஒரு சொல். இதனை விழி நரம்பு என்பாரும் உளர். விழியை அசைக்கும் நரம்புகள் வேறாக இருத்தலின், பார்வை நரம்பு என்னும் பெயரே மயக்கமின்றிப் பொருளுணர்த்துமென்று யாம் கொண்டோம். தமிழிலே மேனாட்டு மருத்துவத்தை எழுதவியலுமோ என்று ஐயுறுவார்க்கு, 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தமையை நினைவூட்டுவோம். தமிழ் மாணவராகிய யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு அப்பெரியாரின் உழைப்பும் ஒரு காரணமாகும்.

நம் சித்தர்கள் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறென வகுத்தனர். நாகமுனிவர் நயனவிதி என்னும் நூல் அதற்குச் சான்று. ஆயினும் கண்ணின் புறத்தே தோன்றும் சிவப்பு, பூ, படலம், நீர்வடிதல் முதலியவற்றைக் கண்டறிந்தாற்போல, கண்ணின் பின்னே கிடக்கும் நரம்பினை உயிருள்ளார்மாட்டு நேரே நோக்குதல் அக்காலத்து எந்நாட்டார்க்கும் இயலாதாயிற்று. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உட்கண் நோக்குங் கருவியை வெளியிட்ட பின்னரே, விழியின் அடித்தளத்தில் அந்நரம்பின் முகப்பு வட்டவடிவமாய்த் தோன்றுதலை மருத்துவர் கண்டனர். அதனை இக்காலத்துக் கண் மருத்துவர் நரம்புத்தட்டு என வழங்குவர்.

இனி, இந்நோய் யாரைப் பற்றும்? முதியோரையன்று, பெரும்பாலும் இருபதிற்கும் நாற்பத்தைந்திற்கும் இடைப்பட்ட வயதினரையே பற்றும். ஆடவரினும் மகளிரை மிகுதியாகப் பற்றும். கல்லூரியிற் பயில்வாரும், புதிதாக மணம் முடித்தாரும், கைக்குழந்தை உடையாரும், தறியிலும் வயலிலும் உழைப்பாருமே இதற்கு இரையாவோர். உடலைக் காக்கவேண்டிய படைவீரராகிய குருதி அணுக்கள், பகைவனென்று பிறழவுணர்ந்து தம் வீட்டு நரம்பின் உறையையே தாக்குதலால் இவ்வழற்சி பெரும்பாலும் விளைகின்றது. ஏன் அவ்வாறு பிறழ்கின்றன என்பது நீண்ட வேறொரு கதை. அதனை ஈண்டு விரித்திலம்.

நோயின் வருகை எங்ஙனமிருக்கும் என்பதனைச் சற்று நின்று நோக்குவோம். இதனை அறிந்திருத்தலே பாதி மருந்தாகலின். ஒருநாள் ஒரு கண்ணின் பின்புறத்தே நோவு தோன்றும். விழியை வலத்தும் இடத்தும் மேலுங் கீழும் உருட்டுங்கால் அந்நோவு மிகும். ஓரிரு நாளில் அக்கண்ணின் பார்வை மங்கும். சிறப்பாக நடுப்பார்வை மங்கும். எதிர்நிற்பாரின் காதும் தோளும் தெரியும், முகம் தெரியாது. மங்குதல் சில மணி நேரத்தில் தொடங்கிச் சில நாட்களில் முதிர்ந்து, இரண்டு கிழமைக்குள் தன் எல்லையை அடையும். பார்வை மங்குமுன்னரேனும் மங்குதலோடு உடனேனும் நிறம் கெடும். செம்பருத்திப் பூ ஒன்றை எடுத்து, ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றதனால் நோக்கி, பின்னர்க் கையை மாற்றி நோக்கின், நல்ல கண்ணுக்குக் குருதிச் சிவப்பாய்த் தோன்றும் அப்பூ, நோயுற்ற கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாய்த் தோன்றும். காசு செலவில்லாத இச்சோதனையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரு கண்ணையும் ஒருங்கு திறந்து நோக்கின் நற்கண் மற்றதன் குறையை மறைத்துவிடுமாதலின், ஒவ்வொன்றாய் மூடி நோக்குதல் இன்றியமையாதது.

மருத்துவர் செய்யும் சோதனை ஒன்றும் எளிதே. இருண்ட அறையில் கைவிளக்கின் ஒளியை நல்ல கண்ணிற் பாய்ச்சினால் இரு கண்மணிகளும் ஒருசேரச் சுருங்கும். அவ்வொளியை உடனே நோயுற்ற கண்ணுக்கு மாற்றினால், சுருங்கியே இருக்கவேண்டிய கண்மணிகள் விரியும். ஒளி குறையாதிருக்கவும் குறைந்தாற்போல மூளைக்குச் செய்தி செல்லுதலே இதற்குக் காரணம். நோயாளி நடிக்கின்றாரோ என்னும் ஐயத்தையும் இச்சோதனை தீர்த்துவிடும். கண்மணி பொய் சொல்ல அறியாது.

நடிப்பென்னும் ஐயத்தை யாம் வீணே எடுத்துரைத்தோமல்லம். இந்நோயிற் பெருங்கொடுமை யாதெனின், கண்ணின் புறத்தே யாதொரு குறியும் இராமையே. கண் சிவவாது, பீளை சாராது, நீர் வடியாது. மூவருள் இருவர்க்கு அழற்சி விழியின் பின்னே மறைந்து கிடத்தலின், கருவியால் நோக்கும் மருத்துவரும் நரம்புத்தட்டு வீங்கியிருத்தலைக் காணார். நோயாளியும் ஒன்றும் காணார், மருத்துவரும் ஒன்றும் காணார் என்று மருத்துவ மாணவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது இதுபற்றியே. தேர்வு நெருங்குங்காலத்து ஒரு மாணவி தன் கண்ணில் எழுத்துத் தெரியவில்லை என்பாளாயின், வீட்டார் அவள் முகத்தை நோக்குவர், கண் தெளிவாயிருக்கும், படிப்பிற்கு அஞ்சிப் பொய்யுரைக்கின்றாள் என்று முடிவு செய்வர். அன்றேல் உடற்சூடு என்று கூறித் தலைக்கு எண்ணெய் தேய்ப்பர். நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் கண்ணிற் பிழிவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் சென்று புதுக் கண்ணாடி வாங்குவர். எண்ணெய் தேய்த்தலால் கேடொன்றுமில்லை. கழிந்த நாட்களே கேடு. கண்ணாடியால் திருந்தாத மங்கல், ஒரு கண்ணில் விரைந்து வந்த மங்கல், நோவோடு கூடிய மங்கல் என்னும் இவை கண்ட அன்றே மருத்துவமனைக்குச் செல்லத்தக்கன.

எம்மருத்துவமனைக்கு? யாம் இக்கட்டுரையில் விக்கிரவாண்டிப் பக்கத்தை உளத்திற்கொண்டு எழுதுகின்றோம். சென்னையினின்று திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே கிடப்பது அவ்வூர். கும்பகோணத்திற்கும் தஞ்சைக்கும் செல்லும் சாலை பிரிவதும் ஆண்டே. ஊருக்குத் தெற்கே, விழுப்புரஞ் செல்லும் வழியில், முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் அரசினர் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் நடைபெற்று வருகின்றன. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும், 2003-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உள. சென்னையிலோ 1819-இல் தோன்றி இன்று எழும்பூரில் விளங்கும் அரசினர் கண் மருத்துவமனை உண்டு. உலகிலுள்ள கண் மருத்துவமனைகளுள் இலண்டன் மூர்பீல்ட்ஸுக்கு அடுத்த பழைமை அதற்குரியது என்பர். ஆகவே, ஒரு தலைமுறைக்கு முன் நம் பெரியோர்க்கு வாய்த்திராத நல்வாய்ப்பு இப்பக்கத்தார்க்கு இன்று பேருந்து செல்லும் தொலைவிலேயே கிடைத்துளது.

மருத்துவ முறையினை ஆராயப் புகுங்கால், அமெரிக்க நாட்டில் 1988 முதல் 1991 வரை நோயாளரைச் சேர்த்து நிகழ்த்திய ஒரு பெருஞ்சோதனையை விரித்துரைத்தல் வேண்டும். ராய் பெக் என்னும் மருத்துவரைத் தலைவராகக்கொண்டு, 15 மருத்துவ நிலையங்களில் 457 நோயாளரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். முதற் கூட்டத்தார்க்கு மெதில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மூன்று நாள், ஒவ்வோராறு மணிக்கும் 250 மில்லிகிராமாகச் சிரையின்வழிச் செலுத்திப் பின்னர்ப் பதினொரு நாள் மாத்திரை கொடுத்தனர். இரண்டாங் கூட்டத்தார்க்கு மாத்திரை மட்டும், குறைந்த அளவிற் கொடுத்தனர். மூன்றாங் கூட்டத்தார்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரை கொடுத்தனர். வந்த நோயாளருள் 100-க்கு 77 பேர் மகளிர்; 100-க்கு 92 பேர்க்கு நோவிருந்தது.

1992-இல் வெளிப்பட்ட முடிவு மருத்துவருலகைத் திகைக்கச் செய்தது. சிரைவழி மருந்து பெற்றோர் விரைவிலே பார்வை மீண்டனர். ஆனால் ஆறு திங்கள் கழித்து அளந்தபோது மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒத்த பார்வையே பெற்றிருந்தனர். இதனினும் வியப்பு, மாத்திரை மட்டும் உண்டோர்க்கு நோய் மீண்டும் வந்தமையே. அவருள் 100-க்கு 27 பேர்க்கும், போலி மாத்திரை உண்டோருள் 15 பேர்க்கும், சிரைவழிப் பெற்றோருள் 13 பேர்க்கும் நோய் திரும்பிற்று. அஃதாவது, குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றுஞ் செய்யாதிருத்தலினும் தீதாயிற்று. வாய்வழி உண்டலே குற்றமோ, அளவு குறைந்தமையே குற்றமோ என்னும் வினா நெடுநாள் நின்றது. கனடா நாட்டார் சிறுகூட்டம் ஒன்றிற் செய்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிக்க அளவில் வாய்வழிக் கொடுத்ததும் சிரைவழிக்கு ஒத்த பயனே தந்தது. ஆதலின் குற்றம் வழியிலன்று, அளவிலே என்று எண்ண இடமுண்டு. மருந்துக்கடைக்குச் சென்று, கண் வலிக்கு ஏதேனும் கொடு என்று கேட்டு, அவர் எடுத்துத்தரும் நாலு ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கும் நம் பக்கத்து வழக்கத்தை இம்முடிவின்முன் வைத்துப் பார்த்தல் தகும். சர்க்கரை நோய், மறைந்து கிடக்கும் காசநோய் முதலியன ஸ்டீராய்டினால் வெகுளும் என்பதும், அவற்றை முன்னரே ஆராய்ந்தன்றி மருத்துவர் அதனைத் தொடார் என்பதும் உடன் அறியத்தக்கன.

இங்கே ஒருவர் வினவலாம்: மருந்துண்டார்க்கும் உண்ணார்க்கும் முடிவில் ஒத்த பார்வையே வருமாயின், விரைந்தோடுதல் எற்றுக்கு? நல்ல வினாவே. விடை யாதெனின், ஒரே பெயருடைய இவ்வழற்சி உண்மையில் ஒரே நோயன்று. பெரும்பாலோர்க்கு வருவது, மூன்று நான்கு கிழமையில் தானே தணியத் தொடங்கும் வகை. வேறொரு வகை உண்டு. அது பார்வை நரம்பையும் முதுகுத்தண்டின் நரம்பையும் ஒருங்கே தாக்கும். அதற்குக் காரணமான குருதிப்பொருளை 2004-ஆம் ஆண்டிலேதான் கண்டுபிடித்தனர். இன்று குருதிச் சோதனையால் அதனை அறியலாம். இவ்வகையில் ஒவ்வொரு தாக்குதலும் பார்வையிற் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். போனது மீளுதல் அரிது. ஈண்டு முதற் கிழமைக்குள் மருந்து செலுத்தலும், அதனால் தணியாதபோது குருதிநீரை மாற்றிச் சுத்திசெய்தலும், பின்னர்த் திரும்பவாராமற் காக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்ணலும் வேண்டும். முதல்நாளிற் காண்பார்க்கு இஃது எவ்வகை என்பது தோன்றாது. தோன்றாமையின் இரண்டையும் கொடியதாகவே கொண்டு விரைதல் வேண்டும்.

கொடிய வகையென்று ஐயுறற்குரிய குறிகள் சில உள. இரு கண்ணும் ஒருங்கே மங்குதல், நோவின்றி மங்குதல், ஒளியும் தெரியாத முழு இருள், இரண்டு கிழமைக்குப் பின்னும் மேன்மேல் மங்குதல், ஒரு திங்களாகியும் திரும்பாமை, உடன் கைகால் தளர்தல் என்பன அவை. (அப்போஸ்தலர் நடபடிகளில் தமஸ்குவிற்குச் செல்லும் வழியில் இரு கண்ணும் இருண்டு மூன்று நாள் இருந்த சவுலைப்பற்றி மருத்துவர் சிலர் பலவாறு எழுதியுளர். அந்நிகழ்ச்சியை நோய்ப்பட்டியலிற் சேர்த்தல் எம் கருத்தன்று.) காசநோய், மேகநோய், நரம்பை அழுத்துங் கட்டி என்பனவும் இவ்வாறு தோன்றுமாதலின் மருத்துவர் காந்த அதிர்வுப் படம் எடுப்பர். அப்படம் மற்றொரு செய்தியையும் சொல்லும். மேற்கூறிய அமெரிக்க நோயாளரைப் பதினைந்தாண்டு பின்தொடர்ந்தபோது, மூளையில் மாசு காணப்படாதவருள் 100-க்கு 25 பேர்க்கும், ஒன்றேனும் காணப்பட்டவருள் 72 பேர்க்கும் மூளையையும் தண்டுவடத்தையும் பற்றும் பல்திசுக் கடினமாதல் என்னும் நோய் வந்தது. அவருட் பெரும்பாலோர் வெள்ளையராகலின் இவ்வெண்களை அவ்வாறே நம்மவர்க்குப் பொருத்துதல் கூடாது.

இதுகாறும் கூறியது உடல் தன்னைத்தான் தாக்கும் அழற்சி. விழுப்புரப் பக்கத்தார் பார்வை நரம்பைப்பற்றி எழுதுங்கால் மற்றொன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 2023-ஆம் ஆண்டு மே திங்களில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் கள்ளச்சாராயம் உண்டோர் பலர் வீழ்ந்தனர். செங்கற்பட்டுப் பக்கத்திலும் அதே நாட்களில் அதுவே நிகழ்ந்தது. இரண்டிடத்துமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓராண்டு கழிந்து 2024 ஜூன் திங்களில், 2019-இல் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அவ்வாறே உயிர்நீத்தனர். இரு முறையும் நோயாளரைத் தாங்கிய மருத்துவமனைகளுள் முண்டியம்பாக்கமும் ஒன்று. அச்சாராயத்திற் கலந்திருந்தது மெத்தனால் என்னும் மரச்சாராயம்.

மரச்சாராயம் பார்வை நரம்பைக் கெடுக்கும் முறை அழற்சியன்று, நஞ்சூட்டல். நிறத்தானும் மணத்தானும் அது மற்றைச் சாராயத்தினின்று எளிதில் வேறுபடாது. உண்டபின் ஈரல் அதனைச் சிறிது சிறிதாக மாற்றி, முடிவில் ஃபார்மிக் அமிலம் ஆக்கும். எறும்பு கடிக்குங்கால் நம் தோலிற் பாய்ச்சும் அமிலமும் அதுவே. உடலின் ஒவ்வோரணுவும் உயிர்க்காற்றைக் கொண்டு வலிமை ஆக்கும் உலையை அவ்வமிலம் அணைத்துவிடும். ஓயாது உழைக்கும் பார்வை நரம்பு முதலிற் பட்டினியாகும். 10 மில்லிலிட்டர் அளவே கண்ணைக் கெடுத்ததுண்டு என்று மருத்துவ நூலார் கூறுவர். இம்மாற்றத்திற்கு நேரம் வேண்டுதலின், உண்டவன் இரவு மயங்கி உறங்கி எழுவான், நலமாகவே இருப்பான், பன்னிரண்டு மணி முதல் ஒரு நாளோ அதன் மேலுமோ கழிந்தபின் வயிற்றுவலியும் வாந்தியும் பெருமூச்சும் தோன்றும், கண்முன் மூடுபனி படர்ந்தாற்போலாகும். அம்மூடுபனியே இறுதி எச்சரிக்கை.

இதற்கு மருந்து உண்டென்பதை ஊரார் அறியார். ஈரலின் மாற்றுத்தொழிலைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து, குருதியின் புளிப்பை மாற்றும் சோடா உப்பு, ஃபோலினிக் அமிலம், நஞ்சைக் குருதியினின்று வடிக்கும் சுத்திகரிப்புக் கருவி என்பன மருத்துவமனையில் உதவும். ஃபோமெபிசோல் இல்லாவிடத்து, அளந்த அளவில் தூய எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. மதுவிலக்கைப் போற்றும் நம்மனோர்க்கு இது விந்தையாகத் தோன்றும். வீட்டில் ஒருவர் தாமே இதனைச் செய்யத் துணிதல் கொலையோடு ஒக்கும். இவையனைத்தும் மணிக்கணக்கிற் பயன்படுவன. ஆனால் காவலர்க்கு அஞ்சியும், ஊரார் நகைப்பரென்று நாணியும், வயிற்றுவலி என்றே சொல்லி வந்து சேர்வோர் பலர். என்ன உண்டான் என்பதை மனைவியோ மகனோ முதற் சொல்லாகச் சொல்லிவிடின் மருத்துவர்க்கு அரைநாள் மிச்சமாகும். அவ்வரைநாளிலேதான் அம்மனிதனுடைய கண் அடங்கியிருக்கின்றது.

காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் என்னும் மாத்திரையும் சிலர்க்குப் பார்வை நரம்பைத் தாக்கும். அதிலும் முதலிற் கெடுவது நிறமே. அம்மாத்திரை உண்போர் திங்கட்கு ஒருமுறை செம்பருத்தியும் பச்சிலையும் ஒவ்வொரு கண்ணாலும் நோக்கி, வேறுபாடு கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். தாமே எல்லா மருந்தையும் நிறுத்திவிடலாகாது. காசம் கண்ணினும் கொடிது.

இறுதியாக, அழற்சி தணிந்து பார்வை மீண்டார்க்குரிய செய்தி ஒன்று. பெரும்பாலோர் மீண்டும் நூல் படிக்குமளவு பார்வை பெறுவர். ஆயினும் நிறங்கள் சிறிது வெளுத்தே தோன்றும்; அந்திநேரத்தில் எதிர்வரும் வண்டியின் தொலைவை மதிப்பிடுதல் அரிதாகும். சித்திரை வெயிலில் நடந்தாலும், வெந்நீரில் நீராடினாலும், அடுப்படியில் நெடுநேரம் நின்றாலும், நோயுற்றிருந்த கண் மீண்டும் மங்கும். இதனை 1890-இல் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹோப் எடுத்துரைத்தார். சூடேறிய உடம்பில், உறை தேய்ந்த இழைகள் செய்தியைச் செவ்வனே கடத்தாமையே அதன் காரணம். நோய் திரும்பிற்றென்று அஞ்சுவார் பலர். அஃது அன்று. நிழலில் அமர்ந்து குளிர்ந்த நீர் பருகி உடல் தணிந்தால், சிறிது நேரத்தில் அம்மங்கல் நீங்கிவிடும். நீங்காது ஒருநாள் முழுதும் நிற்குமாயின், அல்லது விழியை உருட்டுங்கால் பழைய நோவு எழுமாயின், அப்பொழுதே முண்டியம்பாக்கம் பேருந்தில் ஏறவேண்டும்.